வபி-சபி ‘குறையழகு’ ஆகுமா?

எளிமையிலும் பழமையிலும் அழகு காணும் ஜப்பானிய ரசனைக்கு வபி-சபி என்று பெயர். அதைப் பற்றித் தமிழில் யார் எழுத உட்கார்ந்தாலும் ‘குறையழகு’ என்று போட்டுவிடுகிறார்கள். சுயமுன்னேற்றக் கட்டுரை, வீட்டு அலங்காரக் குறிப்பு, தியான வகுப்பு விளம்பரம் என்று ஒன்று பாக்கியில்லை.

சொல்லின் கதை சுருக்கமாக. வபி என்றால் முதலில் ஒன்றுமில்லாதவன் படும் பாடு. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் முரதா ஜுகோ தொடங்கி சென் நோ ரிக்யூ (1522–1591) வரையிலான தேநீர்ச் சடங்கு ஆசான்கள் அந்த இல்லாமையிலேயே ஒரு நிறைவைக் கண்டார்கள். சபி என்பது தனிமை, வெறிச்சோடிய நிலை. அப்புறம் நாள்பட்ட பொருளில் ஏறும் களை. பாஷோவின் ஹைக்கூ மரபு போற்றியது இதைத்தான். துருவுக்கும் ஜப்பானியத்தில் சபி என்றே ஒலிப்பு.

சரி, குறையழகுக்கு வருவோம். குறைகுடம், குறைமதி, குறைப்பிரசவம் எல்லாவற்றிலும் ‘குறை’ பின்னால் வரும் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறது. குறைகுடம் நிரம்பாத குடம் என்றால் குறையழகு நிரம்பாத அழகு, அதாவது அரைகுறை அழகு! குறையில் உள்ள அழகு என்று சொல்ல வந்தவர்கள் அழகையே குறைத்துவிட்டார்கள். இன்னொன்று, குறை என்றாலே ஒரு முழு அளவு முன்கூட்டியே இருக்கிறது என்றாகிறது. ரிக்யூவின் ரசனைக்காக சோஜிரோ என்ற குயவர் செய்த, ‘ராகு’ என்னும் வகைத் தேநீர்க் கிண்ணத்தைப் பாருங்கள்: சக்கரத்தில் ஏற்றாமல் கையால் பிடித்துப் பிடித்து எடுத்தது, மினுக்கில்லாத கறுப்பு, விளிம்பு லேசாக ஏறி இறங்கும். சீனப் பீங்கானாக ஆக முயன்று தோற்ற கிண்ணமா அது? அப்படியே வேண்டும் என்றுதான் செய்தார்கள். அதில் எங்கே குறை?

வபிக்கு நம்மிடம் ‘எளிமை’ இருக்கிறது. ‘ஏழை எளியவர்’ என்கிறோமே, வறுமையும் ஆடம்பரமின்மையும் ஒரே சொல்லில். சபிக்குக் களிம்பு என்று ஒருவர் எழுதியிருந்தார். செம்பில் களிம்பு போல உயிரை ஆணவ மலம் பற்றியிருக்கிறது என்று சைவ சித்தாந்தம் சொல்லிச் சொல்லி, தேய்த்துப் போக்க வேண்டியதாகவே அந்தச் சொல் நம் மனதில் நிற்கிறது. ஆகாது. மூதூர், மூதாட்டி வழியில் ‘மூதெழில்’ என்கிறேன் நான். தனிமையின் வாட்டம் அதில் முழுசாக வராது, தெரிந்தேதான் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது வபி-சபி என்றே விட்டுவிடலாம், ‘சபி’ என்பது சாபம் போலக் காதில் விழுந்தாலும்.

இந்த வம்பெல்லாம் ஆங்கிலத்திலிருந்து மட்டுமே மொழிபெயர்ப்பதால் வருவது. இன்னொரு உதாரணம், உடைந்த பாத்திரத்தைச் சீர்செய்யும் ஜப்பானியக் கலையான கின்ட்சுகி. அதை ‘தங்கத்தால் ஒட்டுவது’ என்கிறார்களே, உடைந்த கிண்ணத்தை ஒட்டுவது உருஷி என்னும் மரப்பால் அரக்கு. அது இறுகவே ஈரப்பதமான இடத்தில் நாள்கணக்கில் வைக்க வேண்டும். தங்கப்பொடி கடைசியில் மேலே தூவுவது. ஒட்டும் வேலை முழுக்க அரக்குடையது, பெயர் மட்டும் தங்கத்துக்கு.