இராத்தல் என்றால் எந்த இராத்தல்?

ஞாயிறு பள்ளிப் பாடப்புத்தகங்களை அச்சுக்கு முன் சரிபார்ப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் என் கண்ணைத் தாண்டிப் போன ஒரு பிழை இன்னும் உறுத்துகிறது. இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கொதேமு கொண்டுவந்த வெள்ளைப்போளமும் கரியபோளமும் 45.36 கிலோ என்று அச்சாகிவிட்டது. யோவான் 19:39 ஏறக்குறைய நூறு இராத்தல் என்கிறது. எழுதியவர் இராத்தலைப் பவுண்டாக எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் கிலோவுக்கு மாற்றி, வந்த எண்ணை அப்படியே போட்டுவிட்டார். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருந்ததால் நானும் நம்பிவிட்டேன்.

யோவான் எழுதிய கிரேக்கச் சொல் லித்ரா. ரோமரின் லிப்ராவைத்தான் அது குறிக்கிறது. லிப்ரா சுமார் 327 கிராம். ஆங்கிலேயப் பவுண்டோ 453.6 கிராம். ஆக, நூறு லித்ரா சுமார் 33 கிலோதான். பன்னிரண்டு கிலோ கூடுதலாகப் போட்டுவிட்டோம். இப்படிக் குழம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. இராத்தல் என்ற சொல்லே அரபியின் ரத்ல் வழியாக அந்த லித்ராவிலிருந்து வந்ததுதான். பவுண்டுக்குப் போடும் 'எல்பி' என்ற எழுத்துகளும் லிப்ராவின் சுருக்கம். ஒரே குடும்பத்துப் பெயர்கள், ஆனால் எடை வேறு.

லூக்கா 19-இல் இன்னொரு சிக்கல். எஜமான் ஊழியக்காரருக்குக் கொடுத்த பத்து ராத்தல், கிரேக்கத்தில் பத்து மினா. மினா என்பது நூறு திராக்மா பணம்; கூலியாள் ஒருவர் மூன்று மாதத்துக்கு மேல் உழைத்துப் பெறும் கூலி. இதைக் கிலோவாக மாற்றினால் கதையே கெட்டுவிடும். தமிழில் ஒரே சொல்லாக இருக்கிறது என்பதற்காக இரண்டு இடத்திலும் ஒரே கணக்கைப் போடக்கூடாது.

பழைய ஏற்பாட்டின் எடை அலகான சேக்கலுக்கு வருவோம். யூதேயாவில் அகழ்ந்தெடுத்த, குவிந்த தலையுள்ள சுண்ணாம்பு நிறைகற்கள்தான் இதற்கு நல்ல சாட்சி. கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றை நிறுத்துப் பார்த்துக் கிடைத்த சேக்கல் சுமார் 11.3 கிராம். கையால் செதுக்கிய கற்கள் அல்லவா, ஒரே குறி பொறித்தவையும் ஒன்றுக்கொன்று சற்று மாறும். அப்படியிருக்க, "1 கிலோ = 88.495575 சேக்கல்" என்று ஒரு செயலி காட்டினால் அந்த நீண்ட வால் எங்கிருந்து வந்தது? 1000-ஐ 11.3-ஆல் வகுத்ததில் வந்தது. கல்லில் இல்லாத துல்லியம் அது. "சுமார் 88 சேக்கல்" என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அதேபோல 1 கிலோ மூன்று லிப்ராவுக்குச் சற்று மேல்.

எந்தக் காலத்துச் சேக்கல் என்றும் கேட்கவேண்டும். கோலியாத்தின் வெண்கலக் கவசம் ஐயாயிரம் சேக்கல் என்கிறது 1 சாமுவேல் 17. நிறைகல் கணக்கில் அது சுமார் 57 கிலோ. ஒரு பிரதியில் 70 கிலோ என்று வந்திருந்தது. தேடிப் பார்த்தால், எழுதியவர் தீரு பட்டணத்து வெள்ளிக்காசின் 14 கிராமைச் சேக்கலாக எடுத்திருக்கிறார். இயேசுவின் காலத்தில் ஆலய வரிக்குக் கொடுத்த காசு அது, கோலியாத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தையது. நல்லவேளை, இந்த முறை அச்சுக்கு முன்பே பிடித்துவிட்டேன்.

சேக்கலைவிடப் பெரிய எடை அலகான தாலந்துக்கு மட்டும் வேதாகமமே கணக்கை விட்டுவைத்திருக்கிறது. யாத்திராகமம் 38-இல் 6,03,550 பேர் தலைக்கு அரைச் சேக்கல் கொடுக்கிறார்கள். மொத்தம் 3,01,775 சேக்கல். அதை நூறு தாலந்தும் 1,775 சேக்கலும் என்று எழுதியிருக்கிறது. கழித்து வகுத்தால் ஒரு தாலந்து 3,000 சேக்கல், அதாவது சுமார் 34 கிலோ. பிள்ளைகளைக் கரும்பலகையில் இதைப் போடச் சொல்லுங்கள், நான் பார்த்தவரை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகிறது. ஆனால் கிரேக்கரின் ஏதென்ஸ் பகுதியில் வழங்கிய தாலந்து சுமார் 26 கிலோ, கிட்டத்தட்ட நம் கடைகளில் விற்கும் ஓர் அரிசிச் சிப்பம். புதிய ஏற்பாட்டில் தாலந்து வரும் இடங்களில் 34-ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

ஒரு நிறைகல் ஒரு வசனத்தின் பொருளையே மாற்றியதும் உண்டு. 1 சாமுவேல் 13:21-இல் வரும் 'பிம்' என்ற எபிரெயச் சொல்லின் பொருள் வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அரம் என்று ஊகித்தார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் அரங்கள் என்றே இருக்கிறது. அப்புறம் அந்தச் சொல்லே பொறித்த சிறு நிறைகற்கள் மண்ணிலிருந்து கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.8 கிராம், சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. கொழுவையும் மண்வெட்டியையும் தீட்டிக் கொடுக்கப் பெலிஸ்தர் வாங்கிய கூலி அது என்று இப்போது புரிகிறது.

இப்போது என் மேசைக்கு எடை வந்தால் முதலில் மூலச் சொல்லைப் பார்க்கிறேன், அப்புறம் காலத்தை, கடைசியில்தான் கணக்கு. பாடத்தில் வசனத்தின் சொல் அப்படியே இருக்கட்டும். கிலோ அடிக்குறிப்பில் போகட்டும், 'சுமார்' என்ற சொல்லோடு. அடுத்த பதிப்பில் நிக்கொதேமுவின் குறிப்பு இப்படி வந்தது: "ரோம இராத்தல் கணக்கில் சுமார் 33 கிலோ."