தீவில் மூன்று ராத்திரி இருந்து வந்த பிள்ளை

“கடலுக்குப் போன புள்ள வேற, திரும்பி வந்த புள்ள வேற டாக்டரம்மா. ஆம்பளையாயிட்டான்” என்றார் தகப்பனார், பெருமையாக. பக்கத்தில் இருந்த தாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

பையனுக்கு 19 வயது. வத்தை என்கிற சிறு படகில் தனியாக நண்டு வலை எடுக்கப் போனவன். எஞ்சின் நின்றுபோக, வாடைக்காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போய் ஒரு தீவில் ஒதுக்கியது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே யாரும் குடியிருப்பதில்லை. எந்தத் தீவு என்று சொன்னால் ஆள் தெரிந்துவிடும் என்பதால் அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன். அவன் கையில் இருந்தது ஒரு கேன் தண்ணீர். அப்புறம் தார்ப்பாயில் பிடித்த மழைநீர்.

“படகை விட்டு நீந்தாதே, எவ்வளவு தாகம் எடுத்தாலும் கடல்தண்ணியைத் தொடாதே” என்று தாத்தா சொல்லி வைத்திருந்தார். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை வெளியேற்ற, குடித்ததைவிட அதிகமான நீரை உடம்பு இழக்க வேண்டியிருக்கும். 1971-இல் பெரு நாட்டுக் காட்டில் விமானம் விழுந்து, 11 நாள் தனியாக நடந்து மீண்ட ஜூலியான் கோப்கேவுக்கு வயது 17. ஓடையைத் தொடர்ந்து போனால் மனிதர்கள் இருக்கும் இடம் வரும் என்று அவளுக்கும் முன்பே தகப்பனார் சொல்லிக்கொடுத்திருந்தார். தனிமை புதிதாகத் தைரியத்தை ஊட்டுவதில்லை. வீட்டார் முன்பே போட்டு வைத்ததைத்தான் அது வெளியே எடுக்கிறது.

மாற்றம் உண்மைதான். முன்கோபக்காரன் இப்போது நிதானமாகப் பதில் சொல்கிறான். வலையையும் கேனையும் எண்ணிப் பார்க்கிறான். ஆனால் கட்டிலுக்கடியில் ஒன்பது பாட்டில் தண்ணீர் ஒளித்து வைத்திருக்கிறான். தம்பி சொம்புத் தண்ணீரைக் கீழே கொட்டியதற்கு அடித்துவிட்டான். காற்று ஓலையை அசைத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். வாய் மூடிப்போனதை முதிர்ச்சி என்று ஊர் நினைத்தது. அதில் பாதி பயம். எட்டாம் நாளே அவனைத் திரும்பக் கடலுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு மனசு ஆறவில்லை.

இப்படி மீண்டு வருகிற பிள்ளையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். கும்பலாகப் போய்ப் பார்த்து, செல்போனில் வீடியோ எடுத்து, திரும்பத் திரும்பக் கதை கேட்காதீர்கள். அவனாகச் சொல்லும்போது காது கொடுத்தால் போதும். சில வாரங்களுக்குத் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். 14416-க்குப் போன் செய்தால் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். மந்திரிக்கக் கூட்டிப்போவது உங்கள் நம்பிக்கை, சரி, ஆனால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இவனைப் படிப்படியாகக் கொண்டுவந்தோம். முதல் வாரம் தகப்பனோடு கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்தினான். அப்புறம் இடுப்பளவுத் தண்ணீர். இப்போது கரை கண்ணில் தெரியும் தூரம் வரை இருவருமாகப் போய் வருகிறார்கள். பாட்டில் மூன்றாகக் குறைந்திருப்பதாகத் தாய் சொன்னார்.