உடலின் பாரத்தைக் கைகள் சுமக்கலாமா?

இந்த மாதம் கை மரத்துப்போய் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த நான்காவது மோட்டார்சைக்கிளோட்டி அந்தத் தம்பி. ஜோகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸ் கடற்பாலம் வழியாக நாள்தோறும் சிங்கப்பூரின் செம்பவாங்கிற்கு வேலைக்கு வந்துபோகிறார். அவருடைய வலக்கை மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் ஒரு தாளைச் செருகி, விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மெல்ல இழுத்ததும் வழுக்கி வந்துவிட்டது. சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் அடிமேட்டில் தோல் காய்த்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்து உணர்வுக்கும் பிடிக்கும் பொறுப்பான அல்நார் நரம்பு கைக்குள் நுழையும் இடம் அதுதான். (பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்தால் அது வேறு நரம்பு.)

"இறுக்கிப் பிடிச்சாத்தானே அக்கா வண்டி கட்டுக்குள்ள இருக்கும்?" என்று கேட்டார். நால்வரும் இதையேதான் கேட்டார்கள். இல்லை தம்பி, இல்லவே இல்லை. ஓடும் வண்டி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் இயல்புடையது. முன்சக்கரம் இப்படியும் அப்படியும் நுண்மையாகத் திரும்பித்தான் அந்தச் சமநிலையைக் காக்கிறது. முழங்கைகளை விறைப்பாக நீட்டி, மேலுடலைக் கைகளில் ஊன்றி உட்காருபவர் அந்த அசைவைத் தடுப்பதோடு, பக்கத்தில் லாரி கடக்கும்போது வீசும் காற்றில் தம் உடல் ஆடுவதையும் நேராக ஹேண்டில்பாருக்குள் செலுத்திவிடுகிறார். திடீரென்று பிரேக் பிடித்தால் முன்னே சரியும் உடலைத் தாங்க வேண்டியவை பெட்ரோல் தொட்டியை அணைத்திருக்கும் முழங்கால்களே.

200 சிசி வரையிலான மோட்டார்சைக்கிள்களை ஓட்டுவதற்கான 2பி உரிமம் கிடைத்ததும், தாழ்ந்த ஹேண்டில்பார் கொண்ட பந்தய வடிவ வண்டியைத் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அமைப்பு வேகத்துக்கானது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்குவதால் கைகளின் சுமை குறைகிறது. கடற்பாலத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது தாங்கக் காற்று ஏது? முழுப் பாரமும் மணிக்கட்டில்தான் விழும். ஆகவே, கடையில் ஏறிய உடனே இறங்கிவிடாமல், பத்து நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள். கைகளை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்த பிறகும் முதுகு சரியாமல் அப்படியே நிற்கிறதா என்று கவனியுங்கள். சரிந்தால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முழங்கையைச் சற்று மடக்கி, பிடியைத் தளர்த்துங்கள். பிரேக் லிவரில் விரல் வைக்கும்போது முன்கையும் மணிக்கட்டும் விரல்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டறையில் லிவரின் கோணத்தைத் திருப்பச் சொல்லுங்கள், சில நிமிட வேலைதான். ஹேண்டில்பாரையே மாற்றுவதானால் நிலப் போக்குவரத்து ஆணைய விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

மரத்துப்போன விரல் மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் தயவுசெய்து மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தத் தம்பி எட்டு மாதம் காத்திருந்துவிட்டு வந்தார்.