குலசேகரத்து ரப்பர் பாலும் அறுவை அரங்கின் கையுறையும்

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் குலசேகரம், அருமனை, களியல். அந்தப் பக்கம் பாறசாலை, வெள்ளறடை. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் எல்லைக் கோடு 1956-ல் வந்தது. ரப்பர் மரம் அதற்கு முன்பே இரு பக்கமும் வேரூன்றிவிட்டது. இந்த மரத்துப் பால்தான் மருத்துவரின் கையுறையாகவும் ஆணுறையாகவும் மாறுகிறது. தூரத்து நாட்டு மருத்துவமனைகளில் ஒரு விதி மாறினால், அதன் அதிர்வு இங்குள்ள அரை ஏக்கர் தோட்டம் வரை வந்து சேர்கிறது.

மரமே வெளியூர்க்காரன்தான். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போய், பிறகு திருவிதாங்கூர் மலைச்சரிவுகளுக்கும் வந்தன. பிறந்த மண்ணில் இலைக்கருகல் பூஞ்சை இந்த மரத்தைத் தோட்டமாக வளர விடவில்லை. ஆசியாவுக்கு அந்தப் பூஞ்சை வந்து சேராததால், உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி இன்று இங்கேதான் விளைகிறது.

பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியேற்றும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் சுரப்பும் குறையும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிவாக இறங்கும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் மேலே போகப் போக லேசாக வலப்பக்கம் சாய்வதால், இப்படிச் சரித்தால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். கத்தி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலும் உள்ளே இருக்கும் வளர்திசுவில் காயம் பட்டு, புதுப்பட்டை மேடுபள்ளமாகிவிடும். இருட்டில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த அளவு தப்பாமல் வெட்டுவது பெரிய கைத்திறன். அதற்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

சிரட்டையில் சேரும் பாலில் 30 முதல் 40 சதவீதம் ரப்பர், மீதி பெரும்பாலும் நீர். ரப்பர் துகள்களைப் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை சுற்றியிருக்கிறது. அந்த உறையில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. பாக்டீரியா புகுந்தால் அமிலம் உண்டாகும், மின்னூட்டம் குறையும், பால் திரிந்துவிடும். ஷீட் எனப்படும் ரப்பர் தகடு அடிக்க வேண்டுமென்றால் நாமே ஆசிட் ஊற்றித் திரிய வைக்கிறோம். கையுறைக்குப் போகும் பால் திரியவே கூடாது. தோட்டத்திலேயே அமோனியா கலந்துவிட வேண்டும். ஆலைக்குப் போகும் பாலின் தரம் இந்தச் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ஆலையில், பாலிலிருந்து கிரீம் பிரிப்பது போலச் சுழற்றி, ரப்பர் அளவை 60 சதவீதமாக்குகிறார்கள். அதில் கந்தகமும் வேறு சில ரசாயனங்களும் சேரும். கை வடிவப் பீங்கான் அச்சைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் தோய்த்துப் பிறகு ரப்பர் பாலில் முக்குவார்கள். கால்சியம் மின்னூட்டத்தை அடக்கிவிடுவதால் அச்சின் மேல் ஒரே சீராகப் படலம் படியும். வெந்நீரில் அலசினால் புரதம் கணிசமாகக் கழியும். பிறகு சூட்டடுப்பில் கந்தகம் ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே பாலம் கட்டும். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணத்தைத் தருவது இந்தப் பாலம்தான்.

அறுவை அரங்கில் கையுறை புகுந்ததே ஒரு செவிலியரின் கைக்காகத்தான். கிருமிநாசினியில் தோல் வெந்துபோன கரோலின் ஹாம்ப்டனுக்காக, அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890 வாக்கில் ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். நெடுங்காலம் அது அறுவைச் சிகிச்சைக்கான பொருளாகவே இருந்தது. எய்ட்ஸ் பரவிய பிறகு, 1987-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எந்த நோயாளியின் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளச் சொன்னது. கையுறையின் தேவை திடீரென எகிறியது. மலேசியா அந்த வாய்ப்பைப் பிடித்து உலகின் கையுறைக் கிடங்காக வளர்ந்தது. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில், ஜப்பானியத் தொழில்நுட்பத்துடன் அரசு நிறுவனமான இந்துஸ்தான் லேடெக்ஸ் 1969-லேயே ஆணுறை உற்பத்தியைத் தொடங்கியிருந்தது.

அவசரமாகச் செய்த கையுறைகளில் புரதம் சரியாகக் கழியவில்லை. உள்ளே பூசிய சோளமாவு அந்தப் புரதத்தைக் காற்றில் கிளப்பியது. 1990-களில் செவிலியர் பலருக்கு ஒவ்வாமை வந்தது; சிலருக்கு மூச்சுத்திணறல்வரை போனது. 2017-ல் அமெரிக்கா மாவு பூசிய கையுறையைத் தடைசெய்தது. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் அந்த இடத்துக்கு வேகமாக வந்தது. பரிசோதனைக் கையுறைகளில் நைட்ரில் முந்திவிட்டாலும், விரல்நுனி உணர்வு முக்கியமான அறுவைச் சிகிச்சையில் இயற்கை ரப்பரைப் பலர் இன்றும் விரும்புகிறார்கள்.

ரப்பரில் பெரும்பங்கு டயருக்குப் போகிறது. அங்கும் செயற்கை ரப்பர் போட்டிக்கு நிற்பதால், கச்சா எண்ணெய் மலிந்தால் இங்கே ஷீட் விலை தளரும். சீனத் தேவையும் தாய்லாந்து விளைச்சலும் சேர்ந்து இழுக்கும். 2011-ல் கோட்டயம் சந்தையில் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட், 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே இறங்கியது. பால்வெட்டுக் கூலிகூடக் கட்டுப்படியாகாமல் பலர் பால் வெட்டாமலேயே மரத்தை விட்டார்கள்.

இப்போது அடுத்த விதி வருகிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பரைத் தன் சந்தைக்குள் விடக்கூடாது என்று 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. அமலாக்கம் தள்ளிப்போயிருக்கிறது. ஆனால் அமலானால், பால் வந்த நிலத்தின் இருப்பிடத்தை வரைபடத்தில் காட்டியாக வேண்டும். காடு காக்கும் நோக்கம் நியாயமானது. அந்த அளவெடுப்புச் செலவை அரை ஏக்கர்காரரிடம் தள்ளிவிடுவது நியாயமில்லை. வாங்கும் நிறுவனமும் ரப்பர் வாரியமும்தான் அதை ஏற்க வேண்டும்.