பிரபஞ்சம் ஒன்றும் உடையவில்லை, முதலில் பிழை வரம்பைப் பாருங்கள்

இந்த வாரமும் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவர் நன்றாகப் படித்தவர். "ஐன்ஸ்டீன் தோற்றுவிட்டாராமே, உங்களுக்கெல்லாம் இனி வேலை இருக்குமா?" என்று கூடவே ஒரு கேள்வி. முகப்புப் படத்தில் ஏபெல் 370 என்ற கேலக்ஸிக் கொத்து, அதில் வில் வில்லாக வளைந்த ஒளிக்கோடுகள். செய்தியோ, பிரபஞ்சத்தில் பொருள் திரள்வது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது என்ற ஆய்வு பற்றியது. அந்தப் படத்துக்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை. கேலக்ஸிகளின் வடிவத்தை அளப்பதே பிழைப்பாகிவிட்ட எனக்கு, இதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்தப் படத்தை ஒதுக்கி வையுங்கள். ஒரு பெருங்கொத்துக்குக் கிட்டத்தட்ட நேர் பின்னால் ஒரு கேலக்ஸி அமைந்தால், அதன் ஒளி வில்லாக நீளும். அது கண்ணுக்கே தெரியும், ஆனால் அபூர்வம். திரட்சியின் வளர்ச்சியை அளக்க நாங்கள் பெரும்பாலும் நம்புவது வலுக்குறைந்த ஈர்ப்பு வில்லை (லென்ஸ்) விளைவை. வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும், வழியில் கிடக்கும் கரும்பொருள் (ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியும் பொருள்) பின்னால் உள்ள கேலக்ஸிகளின் வடிவத்தைக் கொஞ்சம் இழுத்திருக்கும். எவ்வளவு? சுமார் ஒரு சதவீதம். பல இடங்களில் அதுவும் இல்லை.

ஒரு சதவீதத்தைப் படத்தில் பார்க்க முடியாது. பெரிதாக்கினாலும் முடியாது, விண்வெளித் தொலைநோக்கியே ஆனாலும் முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் "எந்த கேலக்ஸி வளைந்திருக்கிறது, காட்டுங்கள்" என்றுதான் அடுத்த கேள்வி வருகிறது. காட்ட முடியாது! கேலக்ஸிகள் பிறவியிலேயே நீள்வட்டமானவை, அந்தப் பிறவி நீட்சி இந்த இழுப்பைப் போல இருபது முப்பது மடங்கு. நெல் வயலில் ஒவ்வொரு கதிரும் தன் போக்கில் சாய்ந்து நிற்கும். மெல்லிய காற்று வீசுகிறதா என்று ஒரு கதிரைப் பார்த்துச் சொல்ல முடியாது, வயல் முழுக்கப் பார்த்தால்தான் எல்லாம் ஒரு பக்கம் லேசாகச் சாய்வது பிடிபடும். ஒரு சதவீத இழுப்பு, பிறவி நீட்சியால் வரும் இரைச்சலுக்குச் சமமாக நிற்பதற்கே ஏறக்குறைய ஆயிரம் கேலக்ஸிகளைச் சராசரி எடுக்க வேண்டும். நம்பத் தகுந்த எண் வேண்டுமென்றால் கோடிக்கணக்கில் வேண்டும். 2000-இல்தான் நான்கு குழுக்கள் இந்தச் சமிக்ஞையை முதன்முதலில் பிடித்தன. சிலியின் பிளாங்கோ தொலைநோக்கியைப் பயன்படுத்திய டார்க் எனர்ஜி சர்வே, 2021-இல் வெளியிட்ட முடிவுகளுக்காக 10 கோடி கேலக்ஸிகளின் வடிவத்தை அளந்தது. 'கரும்பொருளின் புகைப்படம்' என்று சுற்றுவதும் புகைப்படம் அல்ல, கணக்குப் போட்டு வரைந்த வரைபடம்.

கேலக்ஸிகள் எவ்வளவு நெருங்கிக் கூட்டமாக நிற்கின்றன என்பது இன்னொரு அளவு. அதில் ஒரு சிக்கல். பொருள் குவிந்த மேடுகளில்தான் கேலக்ஸிகள் அதிகம் உருவாகின்றன என்பதால், அவற்றின் கூட்டம் உண்மைத் திரட்சியை மிகைப்படுத்திக் காட்டும். இந்த மிகையை பையஸ் என்போம். கூட்டத்தை மட்டும் அளந்தால் பையஸின் வர்க்கமும் திரட்சியின் வர்க்கமும் பெருகித்தான் கையில் கிடைக்கும். முன்னால் நிற்கும் கேலக்ஸிகளைச் சுற்றிப் பின்னால் உள்ளவை எப்படி இழுபடுகின்றன என்று அளந்தால், அதில் பையஸ் ஒரே ஒரு முறை வரும். இரண்டையும் சேர்த்தால் பையஸைக் கழற்றிவிடலாம்.

சரி, வீடியோக்களில் இத்தனை சத்தமும் எதைப் பற்றி? எஸ்8 என்ற ஓர் எண்ணைப் பற்றி. சுமார் 3.7 கோடி ஒளியாண்டு ஆரமுள்ள கோளங்களில் பொருள் எவ்வளவு ஏற்ற இறக்கமாகக் கிடக்கிறது என்பதையும், மொத்தப் பொருளின் அளவையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயது இருந்தபோது கிளம்பிய ஒளியான நுண்ணலைப் பின்னணியை பிளாங்க் செயற்கைக்கோள் அளந்தது. அங்கிருந்து கணக்கிட்டால் இன்று எஸ்8 சுமார் 0.83 இருக்க வேண்டும். கிட்ஸ் என்ற ஐரோப்பிய சர்வே 2020-இல் சொன்னது 0.76. டார்க் எனர்ஜி சர்வே 2021-இல் சொன்னது 0.776, இதன் பிழை வரம்பு 0.017. கிட்ஸ் எண்ணுக்கும் பிளாங்க் எண்ணுக்கும் இடைவெளி 3 சிக்மா, அதாவது பிழை வரம்பைப் போல சுமார் மூன்று மடங்கு. உடனே தலைப்புகள் பறந்தன.

2025-இல் அதே கிட்ஸ், கூடுதல் வானப் பரப்போடு, கேலக்ஸிகளின் தூரத்தைக் காட்டும் செம்பெயர்ச்சியை இன்னும் கவனமாகச் சரிபார்த்து, தன் இறுதி முடிவை வெளியிட்டது: 0.815. பிளாங்கோடு ஒத்துப்போகிறது. இதற்கு எத்தனை வீடியோ வந்தது? என் கைபேசிக்கு ஒன்றுகூட வரவில்லை.

யாரும் ஏமாற்றவில்லை, வேலையே அப்படிப்பட்டது. கோடிக்கணக்கான கேலக்ஸிகளின் தூரத்தைச் சில வடிகட்டிகளில் தெரியும் நிறத்தை வைத்துத்தான் கணிக்கிறோம். அந்தக் கணிப்பு ஒரு பக்கம் சரிந்தால் எஸ்8-உம் சரியும். வடிவ அளவீட்டில் ஒரு சதவீதம் தவறினால் கிட்டத்தட்ட அதே அளவு இறுதி எண்ணிலும் தவறும். பக்கத்துப் பக்கத்தில் பிறந்த கேலக்ஸிகள் தாமாகவே ஒரே திசையில் சாய்ந்து வில்லை விளைவைப் போல நடிக்கும். கருந்துளைகள் வாயுவை வெளியே தள்ளுவதாலும் சிறிய அளவுகளில் திரட்சி குறையும். டார்க் எனர்ஜி சர்வேயின் 2021 ஆய்வில் முன்னால் நிற்கும் கேலக்ஸிகளுக்கு இரண்டு தொகுப்புகள் இருந்தன. ஒன்றில் கூட்ட அளவும் இழுப்பு அளவும் ஒத்துப்போகாததால் மற்றதையே முதன்மையாக எடுத்தார்கள், அதிலும் மிகத் தொலைவான இரண்டு அடுக்குகளை விட்டுவிட்டார்கள். வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரிப் பத்திகளைத்தான் நாங்கள் முதலில் தேடிப் படிப்போம், வீடியோக்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே, தயவுசெய்து. 'சிக்மா' என்று பார்த்ததும் மிரளாதீர்கள், அந்தக் கணக்குக்குத் தெரிந்த பிழைகள் மட்டும்தான் தெரியும். எண்ணைச் சொல்லிப் பிழை வரம்பைச் சொல்லாத செய்தியை அங்கேயே மூடிவிடுங்கள். விடை தெரியாதபடி எண்களை மறைத்து வைத்துக்கொண்டு ஆய்வு செய்தார்களா என்று பாருங்கள். கிட்ஸும் டார்க் எனர்ஜி சர்வேயும் அப்படித்தான் செய்கின்றன. ஒரு சர்வே மட்டும் சொல்கிறதா, வேறு தொலைநோக்கியும் வேறு குழுவும் சொல்கின்றனவா என்று கேளுங்கள். 'ஐன்ஸ்டீன் தவறு' என்று வந்தால் இன்னும் கடுமையாகச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் எஸ்8 கணக்கில் ஒளி எவ்வளவு வளையும் என்பதற்கே அவருடைய சமன்பாட்டைத்தான் பயன்படுத்துகிறோம்.

முரண்பாடு முற்றிலும் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. நிஜமாகவே புதிய இயற்பியல் ஒளிந்திருந்தால் எங்களைவிட மகிழ்பவர்கள் யாரும் இருக்க முடியாது. 2023-இல் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி விண்ணுக்குப் போனது, 2025-இல் சிலியில் உள்ள ரூபின் ஆய்வகம் முதல் படங்களை வெளியிட்டது. இனி எண்கள் நிறைய வரும், தலைப்புகள் அதைவிட நிறைய வரும். ஆய்வுக் கட்டுரைகள் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதும் படிக்க வேண்டாம். முதல் பக்கச் சுருக்கத்திலேயே எஸ்8-உம் அதன் பிழை வரம்பும் பெரும்பாலும் இருக்கும், தேட இரண்டு நிமிடம்கூட ஆகாது.