"கால்" என்று தேடினால் கிடைப்பவை

சென்னையில் சாலை விபத்து இழப்பீட்டு மனுக்களைச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்கும் தீர்ப்பாயங்கள் விசாரிக்கின்றன. அத்தகைய மனுக்களின் விபத்துக் குறிப்புகளைத் தமிழில் கணினியில் ஏற்றி, கால் காயங்கள் எத்தனை என்று ஓர் ஆய்வாளர் எண்ண முற்படுவதாக வைத்துக்கொள்வோம்.

"கால்" என்று தேடியதும், "கால் டாக்சி மோதியதில் வலது கையில் எலும்பு முறிவு" என்ற குறிப்பு வந்து நிற்கும். பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தருகே தலையில் அடிபட்டவரும் வந்துவிடுவார். ஆனால் "இடது காலில் எலும்பு முறிவு" வராது. வேற்றுமை உருபு சேர்ந்தவுடன் புள்ளி மறைந்து "லி" ஆகிவிடுவதால், எழுத்துத் தொடரை மட்டுமே பார்க்கும் கணினிக்கு அது வேறு சொல். புள்ளியை நீக்கி "கால" என்று தேடினால் காலில், காலுக்கு எல்லாம் அகப்படும். கூடவே "காலை 8 மணியளவில்" என்று தொடங்கும் அத்தனை குறிப்புகளும் வந்து குவியும்.

ஆகவே தேடலை அளந்த பிறகே நம்பலாம். கணக்கு எளிதாக இருக்க 1,000 குறிப்புகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 100 உண்மையான கால் காயங்கள். தேடல் 120 குறிப்புகளைக் கொண்டுவருகிறது, அவற்றில் 80 சரியானவை. நூற்றில் 80 பிடிபட்டதால் உணர்திறன் 80 விழுக்காடு. வந்த 120-இல் 80 மட்டுமே சரி என்பதால் நம்பகம் 67 விழுக்காடு. மொத்தத்தில் 940 குறிப்புகள் சரியாகப் பிரிக்கப்பட்டதால் "94 விழுக்காடு துல்லியம்" என்று அறிவிக்கவும் முடியும். ஆனால் எதையுமே கண்டுபிடிக்காத தேடலுக்குக்கூட இதே கணக்கில் 90 விழுக்காடு கிடைத்துவிடும் என்பதால், அந்த ஓர் எண்ணைத் தனியே வெளியிடுவது தவறு என்றே கருதுகிறேன்.

"உண்மையான" காயம் எது என்பதை மனிதர்களே வாசித்து முடிவுசெய்ய வேண்டும். கணுக்கால் சுளுக்கு இதில் சேருமா என்பதில் இருவர் வேறுபடலாம். அதனால் இருவர் தனித்தனியே வாசிப்பார்கள். தற்செயலாக ஒத்துப்போனதைக் கழித்து அவர்களின் உடன்பாட்டை அளக்க, ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த கப்பா என்ற அளவு உதவுகிறது.

பலரும் வாசிக்காமல் விடுவது, தேடலில் வராத குவியலை. மேற்சொன்ன கணக்கில் தவறிய 20 காயங்கள் 880 குறிப்புகளுக்குள் புதைந்திருக்கின்றன, அதாவது 44-க்கு ஒன்று. அங்கிருந்து குலுக்கல் முறையில் 50-ஐ எடுத்து வாசித்தால் ஒன்று தென்படலாம். ஒன்றுமே தென்படாமல், தேடல் எதையும் தவறவிடவில்லை என்று தோன்றவும் இடமுண்டு. 400-ஐ வாசித்தால் ஏறத்தாழ 9 கிடைக்கும், உணர்திறனை ஓரளவு நம்பிக்கையுடன் மதிப்பிட அப்போதுதான் வழி பிறக்கும்.