விழிப்புணர்வு ஸ்லைடுகளை வீடியோவாக்கி அனுப்புங்கள்

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி ஊர்களில் அரிவாள் செல் சோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) பற்றிப் பேசுவது ஒரு மருத்துவனாக என் வேலையில் ஒரு பகுதி. நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அரிவாள் செல் இருப்பது 1952லேயே பதிவாகியிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர், பெரும்பாலும் அங்கன்வாடி டீச்சர், "ஸ்லைடை அனுப்புங்க சார், வராதவங்களுக்குக் காட்டணும்" என்பார். பல காலம் பவர்பாயிண்ட் கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அது தப்பு என்று புரியவைத்தது ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கை. பெயர் தெரியாதபடி படத்தின் மேல்பகுதியை கிராப் செய்துதான் ஸ்லைடில் வைத்திருந்தேன். ஆனால் பவர்பாயிண்டில் கிராப் செய்த பகுதி மறையுமே தவிர, தானாக அழிந்துவிடாது. கோப்பைத் திறந்த ஒருவர் படத்தின் ஓரத்தை இழுத்துப் பார்க்க, முழுப் பெயரும் வந்துவிட்டது. நல்லவேளை, உடனே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். தாய் தகப்பன் வழி வரும் நோய் இது. கல்யாணம் பேசுகிற வயதில் ஒரு பெண்ணின் பெயர் குழு குழுவாகச் சுற்றினால் அந்த வீடு என்ன பாடுபடும்! வீடியோவில் திரையில் தெரிவது மட்டும்தான் போகும். மறைத்து வைத்த ஸ்லைடும், நமக்காக எழுதிவைத்த குறிப்புகளும் போகாது.

இன்னொரு காரணம் குரல். என் ஸ்லைடு ஒன்றில் '25%' என்று மட்டும் இருக்கும். பெற்றோர் இருவரும், தங்களுக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுக் கூறை மட்டும் சுமப்பவர்களானால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு அது. வெறும் ஸ்லைடைப் பார்த்த ஒரு தகப்பனார், "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது" என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே 25% புதிதாக வரும் என்பதை நான் வாயால்தான் சொல்லியிருந்தேன், எழுதவில்லை. இப்போது அதே ஸ்லைடுகளுக்குத் தமிழில் நானும், பணியர் மொழியில் அந்தச் சமூகத்துச் சுகாதாரப் பணியாளர் ஒருவரும் பேசி, இரண்டு வீடியோக்கள் வைத்திருக்கிறோம். பணியர் மொழியில் வந்ததைத்தான் பாட்டிமார்கள் கடைசிவரை கேட்கிறார்கள்.

செய்வது எளிது. ஸ்லைடு ஷோ பகுதியில் ரெக்கார்ட் கொடுத்து ஸ்லைடு ஸ்லைடாகப் பேசுங்கள். ஒரு ஸ்லைடில் பேச்சு தப்பானால் அந்த ஒன்றை மட்டும் திரும்பப் பேசலாம். ஸ்லைடு மாறும் நொடியில் பேசாதீர்கள், அந்தச் சொல் பதிவாகாது. அப்புறம் ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ. பதிவுசெய்த நேரத்தையும் குரலையும் பயன்படுத்தச் சொல்லித் தேர்ந்தெடுங்கள். குரல் பதியாத ஸ்லைடு வழக்கமாக 5 விநாடியில் ஓடிவிடும். எங்கள் ஊர் சிக்னலுக்கு வீடியோ தரம் 720பி போதும். தகரக் கூரை வீட்டில் ஜூன், ஜூலை மழையில் பதிவுசெய்ய முடியாது. நான் காருக்குள் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், நன்றாகவே வந்தது.

எழுத்தைப் பெரிதாக வையுங்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும்போது சின்ன எழுத்து கலங்கிவிடும். தயாரித்த மாதமும் வருடமும் முதல் ஸ்லைடிலேயே இருக்கட்டும். நாம் மறந்த பிறகும் அது சுற்றிக்கொண்டிருக்கும், சிகிச்சை அதற்குள் மாறியிருக்கலாம். எல்லோருக்கும் அனுப்புமுன் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். நான் அந்த டீச்சருக்குத்தான் அனுப்புவேன். கீறல் விழுந்த அவர் போனில், வாசல் வெயிலில் வைத்துப் பார்த்து, "தெரியுது சார், கேக்குது" என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு.